குளிப்பாட்டிய சைக்கிள்

பஸ்காரனுக்கும் சைக்கிள்காரனுக்கும் ஜென்மப் பகை. அதை நான் மறைத்ததில்லை. கண்டக்டர் வேலையில் பாதி ஆயுளைப் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "ஓரமாப் போய்யா, ஓரமாப் போ" என்று கத்தியே கழித்தவன் நான். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய்த் திருட்டுச் சைக்கிள்களை மீட்கும் கூட்டத்தில் சேர்த்துவிட்ட புண்ணியவதி எங்கள் பஸ்ஸின் டிரைவர். டிப்போவில் அவளுக்கு ஸ்டியரிங் அக்கா என்று பெயர். ஓய்வு பெறப்போகிறவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் தங்கச்சி என்பேன். அவள் என்னை அண்ணே என்பாள்.

நன்றாக ஓட்டுவாள். அவள் கை பட்டால் எங்கள் ஓட்டை வண்டிகூடப் பெட்டிப்பாம்பாக அடங்கிப் போகும். பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய மாட்டார்கள், அதனால் எனக்குச் சண்டை தீர்க்கிற வேலை பாதி மிச்சம். ஆனால் அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. சாலையில் ஒரு சைக்கிள் தென்பட்டால் அவள் கண் அதை முழுசாக ஒருமுறை தடவிவிட்டுத்தான் விடும். கடை வாசலில் சாய்த்து வைத்தது, கம்பத்தில் பூட்டியது, எதிரே வருவது, எதுவும் தப்பாது. ஓட்டுகிறவர் முகத்தை மட்டும் பார்க்கவே மாட்டாள். அவ்வளவு ஜாக்கிரதையான டிரைவர் என்று நானும் ஆரம்பத்தில் மெச்சிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஸ்டாப்பே இல்லாத இடத்தில் வண்டியை ஓரங்கட்டினாள். இறங்கிப் போய், மருந்துக் கடை வாசலில் நின்ற ஒரு பச்சை சைக்கிளிடம் குனிந்து, அதன் பாருக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். பஸ்ஸே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. விசில் குடுங்க, போலாம்."

அந்த 'ஒண்ணுமில்ல'வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவரப் பல மாதம் பிடித்தது. அதையும் அவள் சொல்லவில்லை, டிப்போ கேன்டீனில் மற்றவர்கள் சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய பார் வைத்த பழைய பச்சை சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். ஸ்பேனர் பெட்டியை மாட்டுவதற்காகப் பாருக்கு அடியில் ஒரு இரும்புச் சட்டத்தைத் தன் கையாலேயே வெல்டு வைத்துக்கொண்டவர். சில வருஷத்துக்கு முன், மழை கொட்டிய ஒரு காலையில் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினார். வேலைக்கும் போய்ச் சேரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. ஆளும் இல்லை, சைக்கிளும் இல்லை. போன் மட்டும் வீட்டில் சார்ஜரில் கிடந்தது.

அதிகம் பேசாத மனிதராம். நாலு பேரோடு லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாலும் வாயைத் திறக்காத கல்லுளிமங்கன் என்று அவருடன் வேலை செய்தவர் ஒருவர் சொன்னார். போவதற்கு முந்தைய மாதங்களில் அந்தக் கொஞ்சப் பேச்சும் நின்று போயிருந்தது. ஊருக்கு அது போதாதா. குடும்பத்தை விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அவருடைய சொந்தத் தம்பியே வந்து, "அண்ணனுக்கு இந்தக் குடித்தனம் புடிக்கல அண்ணி, கிளம்பிட்டார். நீங்கதான் மனசத் தேத்திக்கணும்" என்று சொல்லிவிட்டு, கொடுத்த காபியையும் குடித்துவிட்டுப் போனானாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகளும் அதையே நம்பினாள். அப்பா என்ற சொல்லை அவள் வீட்டில் எடுப்பதே இல்லை.

ஸ்டியரிங் மட்டும் எதையும் நம்பவில்லை. அந்த மழையில் எங்காவது விழுந்து செத்திருக்கலாம். வேண்டாமென்று எங்கேயாவது போயிருக்கலாம். இரண்டில் எது என்று தெரிந்தால் போதும், அழுவதா திட்டுவதா என்று முடிவாகிவிடும் என்பாள். புகார் கொடுத்தபோது ஒரு போலீஸ்காரர் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஆளத் தேடறது கஷ்டம்மா. சைக்கிள் கிடைச்சா சொல்லுங்க. அது எங்க கிடந்துச்சுன்னு தெரிஞ்சா, ஆள் எங்க போனார்னு முக்காவாசி தெரிஞ்ச மாதிரி." அவளைக் கழற்றிவிடுவதற்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். ஆனால் தப்பாகச் சொல்லவில்லை.

ஒருமுறை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் நடையில், சுவரோடு ஒரு சைக்கிள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. சுவரில் ஹேண்டில் உரசிய கறுப்புத் தடம். நடை குறுகல்தான், ஆனாலும் அம்மாவும் மகளும் அந்த இடத்தில் கால் படாமல் ஒருக்களித்தே போய் வந்தார்கள். யாரும் சொல்லாமலே நானும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு அப்படித்தான் போனேன். உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது வெளியே யாரோ சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியதும், விட்ட வார்த்தையிலிருந்தே தொடர்ந்தார்கள். அந்த மனிதர் செத்தவராகவும் இல்லாமல், இருப்பவராகவும் இல்லாமல் அந்த நடையை அடைத்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் என்றேனே, அது ஒரு பஞ்சர் கடையின் பின்கட்டு. கடைக்காரரை எல்லோரும் ஒட்டு என்று கூப்பிடுவார்கள். ட்யூப் மட்டுமில்லை, பேசாமல் போன அண்ணன் தம்பியைக்கூட ஒட்டவைக்கப் பார்க்கிற ஆள். சைக்கிளைப் பறிகொடுத்தவர்கள் அவரிடம் வந்துதான் புலம்புவார்கள். போலீஸுக்குக் கார் போனால்தான் களவு, சைக்கிள் போனால் அது கவனக்குறைவு. புலம்பலைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், அவரும் அவரிடம் வாடிக்கையாக வரும் ஒரு பல் டாக்டரம்மாவும் சேர்ந்து தொடங்கியதுதான் அந்தக் குழு. யாருக்காவது சைக்கிள் போனால் படம் எல்லோருடைய போனுக்கும் வரும். தபால்காரர் தெருக்களைப் பார்ப்பார், காய்கறி மார்க்கெட் வாட்ச்மேன் மார்க்கெட்டைப் பார்ப்பார், நாங்கள் இருவரும் பஸ்ஸிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்போம். சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, வீட்டில் திட்டு மட்டும் உண்டு.

திருட்டுச் சைக்கிளை வாங்குகிறவர்போல நடிக்கிற வேலை டாக்டரம்மாவுக்கு. "வலிக்காது, வலிக்காதுன்னு சொல்லியே இவங்களுக்குப் பொய் பழகிப் போச்சு" என்பார் ஒட்டு. ஒருமுறை அந்த அம்மாள், ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஏறி உட்கார்ந்து, ஒரே மிதியாக மிதித்து நேராக எங்கள் பஸ் ஸ்டாப்புக்கு வந்துவிட்டார். விற்க வந்தவன் பின்னாலேயே ஓடிவந்தான். ஸ்டாப்பில் சைக்கிளின் சொந்தக்காரரும் அவருடைய மூன்று மச்சான்மார்களும் நிற்பதைப் பார்த்ததும் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினான். அந்தச் செருப்பைக் கேட்டு இன்றுவரை யாரும் வரவில்லை.

முதன்முதலில் அவர்கள் மீட்டது ஒரு நர்ஸின் சைக்கிளை. கிடைத்த கோலத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், சீட்டில் அப்பியிருந்த யாரோ ஒருவனுடைய அழுக்கைப் பார்த்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். "அவன் இன்னும் இது மேலயே உக்காந்திருக்கற மாதிரி இருக்கு" என்று அழுதாளாம். அன்றைக்கு ஸ்டியரிங் ஒரு சட்டம் போட்டாள். "இனிமே எந்த வண்டியையும் அழுக்கோட குடுக்கக் கூடாது. திருடன் வாசனையே அதுல இருக்கக் கூடாது. குளிப்பாட்டித்தான் குடுக்கணும்."

அதுவே வழக்கமாகிவிட்டது. அதற்குக் குளியல் என்றே பெயர். வண்டி வந்ததும் சீட்டு, பெடல், சக்கரம் எல்லாவற்றையும் கழற்றுவார்கள். பழைய கிரீஸை வழித்தெடுத்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, டாக்டரம்மா மூட்டையாகக் கொண்டுவந்து கொடுத்த பல் பிரஷ்ஷால் சந்து பொந்தெல்லாம் தேய்த்து, கீறலுக்குப் பெயின்ட் தொட்டு, எண்ணெய் விட்டு, அதன்பிறகுதான் படம் எடுப்பார்கள். குளியலுக்கு முன்னால் படம் எடுப்பதில்லை. அந்தக் கோலத்தைச் சொந்தக்காரர் பார்க்க வேண்டாம் என்பதும் ஸ்டியரிங்கின் சட்டம்தான். லீவு நாளில் அவளே வந்து உட்கார்ந்து தேய்ப்பாள். ஊரான் வண்டியை இப்படித் தேய்க்கிறவள் தன் வண்டி கிடைத்தால் என்ன செய்வாளோ என்று நான் நினைத்ததுண்டு.

ஒருநாள் மத்தியானம், கடைசி ஸ்டாப்பில் வண்டி நின்றிருந்தபோது எனக்கு டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. ஸ்டியரிங் கீழே இறங்கி முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அக்கா பக்கத்துல இருக்காங்களா? இருந்தா முகத்துல எதையும் காட்டிக்காதீங்க. அவங்க வீட்டுக்காரர் சைக்கிள் கிடைச்சிருச்சு."

ஒரு மாணவனின் சைக்கிளைத் தேடிப் பழைய இரும்புக் கடைக்குப் போன டாக்டரம்மா, குவியலுக்கு நடுவில் பாருக்கு அடியில் சட்டம் வைத்த ஒரு வண்டியைப் பார்த்திருக்கிறார். வண்டியில் பொறித்திருந்த நம்பரைத் துடைத்துப் பார்த்து, புகாரில் இருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்தாகிவிட்டது. அதேதான்.

"இப்ப சொல்லாதீங்கண்ணே. பஸ் நிறைய ஆள வெச்சுக்கிட்டு ஓட்டறவங்க. ஷிஃப்ட் முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க."

அவர் சொன்னது நியாயம்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அந்த மத்தியானம் எனக்குப் போனதுபோல் எந்த மத்தியானமும் போனதில்லை. அவள் எப்போதும்போல ஒவ்வொரு சைக்கிளாகத் தடவிப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஒரு பச்சை சைக்கிள் எதிரே வந்து எங்களைத் தாண்டியது. கண்ணாடியில் அது மறைகிறவரை பார்த்தாள். "இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் டிக்கெட்டைத் தப்புத் தப்பாகக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை டிப்போவில் விட்டதும், "தங்கச்சி, ஒட்டு கடைக்கு ஒரு எட்டு போய்ட்டு வரலாமா?" என்றேன்.

"யாரோட வண்டி வந்திருக்கு?"

நான் பணப்பையின் வாரைச் சரிசெய்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி கேட்கவில்லை. நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது, அவ்வளவு வேகமாக நடந்தாள்.

பின்கட்டில் எல்லோரும் இருந்தார்கள். தபால்காரர் சீருடையோடு வந்திருந்தார். பழைய இரும்புக் கடைக்காரரும் நல்ல காரியத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று வந்து நின்றார். நடுவில் சைக்கிள். அது இருந்த இருப்பைச் சொல்ல வேண்டும். பச்சை பளபளத்தது. சக்கரத்துக் கம்பிகள் ஒவ்வொன்றும் மின்னின. புதுச் சீட்டு, புது டயர், புதுச் செயின். மத்தியானத்திலிருந்து ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து தேய்த்திருக்கிறார்கள். டாக்டரம்மா கிளினிக்கை மூடிவிட்டு வந்து தேய்த்திருக்கிறார். ஒட்டுவின் கையில் பெயின்ட் இன்னும் காயவில்லை.

"அக்கா, உங்க வண்டி" என்றார் ஒட்டு.

ஒரு முகத்திலிருந்து அத்தனை வயசு ஒரே நேரத்தில் இறங்கிப் போய் நான் பார்த்ததில்லை. மெல்லப் போனாள். குனிந்து பாருக்கு அடியில் கையை விட்டாள். சட்டம் இருந்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"இப்பதான் வேலைக்குக் கிளம்பற மாதிரி இருக்கு" என்றாள்.

தபால்காரர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். எங்கள் குழு செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான் என்று அந்த நிமிஷம் ஒவ்வொருவரும் நினைத்தோம்.

"எங்க கிடைச்சுது?" என்றாள் அவள், கையை எடுக்காமலே.

"என் கடையிலதாம்மா" என்றார் இரும்புக் கடைக்காரர்.

"உங்க கடைக்கு எங்க இருந்து வந்துச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதான் சரியாத் தெரியலம்மா. ஏரியத் தூர் வாரினாங்கள்ல, அப்ப அள்ளின இரும்பு ஒரு லோடு வந்துச்சு. அதே சமயத்துல ரயில்வே ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டுல கேப்பாரில்லாம கெடந்த வண்டிங்கள ஏலம் விட்டாங்க, அது ஒரு லோடு. ரெண்டையும் ஒண்ணாத்தான் கொட்டி வெச்சேன். இது எதுல வந்துச்சுன்னு என்னத்தச் சொல்ல."

எங்களில் யாருக்கும் உடனே உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது. அவள் கணவர் வேலைக்குப் போகும் வழி ஏரிக்கரை. மழையில் அந்தக் கரை வழுக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஸ்டேஷன் அந்த வழியிலேயே இல்லை, ஊரின் அந்தப் பக்கம். ரயில் ஏறப் போகிறவனைத் தவிர வேறு யாரும் அங்கே சைக்கிளை விடுவதில்லை. ஏரி என்றால் அவர் அன்றைக்கே செத்துவிட்டார். ஸ்டேஷன் என்றால் பூட்டிவிட்டு, டோக்கன் வாங்கிக்கொண்டு, ரயில் ஏறிப் போய்விட்டார்.

அவள் சைக்கிளை மேலிருந்து கீழே பார்த்தாள். டயரைப் பார்த்தாள், மட்கார்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இதுல இருந்த சேறு எங்க?"

"எல்லாம் போயாச்சுக்கா, ஒரு பொட்டு இல்ல" என்றார் ஒட்டு. பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகம் விழுந்தது.

"என்ன நெறத்துல இருந்துச்சு?"

"கறுப்பா... களிமண்ணு மாதிரி..." என்று இழுத்தார் ஒட்டு.

"இல்லையே, எனக்குச் செம்மண்ணு மாதிரி இருந்துச்சே" என்றார் டாக்டரம்மா. தபால்காரர், வெறும் தூசிதான் என்றார். ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டே போனார்கள். அவர்கள் அத்தனை பேரும் வண்டியைத்தான் பார்த்திருந்தார்கள். சேற்றை யார் பார்த்தார்கள்.

"துருவ வெச்சு சொல்ல முடியாதாண்ணே?" என்று அவள் ஒட்டுவிடம் கேட்டாள். கோபமே இல்லாமல் கேட்டாள், அதுதான் தாங்க முடியவில்லை.

"முடியாதும்மா. ஸ்டாண்டுலயும் பின்வரிசை முழுக்கச் சாக்கடத் தண்ணிதான். ரெண்டு எடத்துலயும் துரு ஒண்ணுதான்." அவர் கையைப் பிசைந்தார். "ஏரி வண்டின்னா சக்கரத்துக் குடத்துக்குள்ள நத்தை ஓடு பூந்திருக்கும்."

"இருந்துச்சா?"

"உள்ள நறநறன்னு இருந்துச்சும்மா. கிரீஸோட சேத்து வழிச்சுக் கழுவி விட்டுட்டேன். மணலா ஓடான்னு பாக்கல."

"ஸ்டேஷன்னா டோக்கன் கட்டியிருப்பாங்கல்ல?"

"ஹேண்டில்ல துருப்புடிச்ச கம்பி சுத்தியிருந்துச்சு. வெட்டிப் போட்டேன். டோக்கன் கம்பியா, சும்மா சுத்திக்கிட்ட கம்பியான்னு..."

அவள் சைக்கிளை விட்டுவிட்டுப் பின்கட்டு மூலையிலிருந்த சாக்கடைக்குப் போய், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். கையை விட்டு அள்ளினாள். ஒட்டு ஓடிப்போய் உள்ளேயிருந்து ஒரு சல்லடை கொண்டுவந்தார். டாக்டரம்மா ஒரு பக்கம், தபால்காரர் ஒரு பக்கம், நான் வாளியும் தண்ணீரும். ஒரு சைக்கிளைச் சுத்தமாக்க எத்தனை பேர் உட்கார்ந்தார்களோ அத்தனை பேரும் இப்போது அதன் அழுக்கைத் தேடி முழங்காலில் இருந்தோம்.

நத்தை ஓடு கிடைத்தது. ஒன்றல்ல, கைநிறைய. கம்பித் துண்டும் கிடைத்தது, அதுவும் கைநிறைய. கறுப்புச் சேறு, செம்மண், மணல், ஏரி மணலோ ரோட்டு மணலோ, எல்லாம் கிடைத்தது. ஊரில் திருட்டுப்போய் மீண்ட அத்தனை சைக்கிள்களின் அழுக்கும் அந்தச் சாக்கடைக்குள்தான் கிடந்தது. அத்தனையும் அவள் போட்ட சட்டப்படி அங்கே வந்து சேர்ந்தது.

டாக்டரம்மாவுக்கு ஒன்று நினைவு வந்தது. கடையில் நம்பரைச் சரிபார்க்கும்போது ஒரு படம் எடுத்திருந்தார். எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். படத்தில் நம்பர் இருந்தது. அதைத் துடைத்த டாக்டரம்மாவின் கட்டைவிரல் இருந்தது. ஓரத்தில், துடைக்காமல் விட்ட இடத்தில், கொஞ்சம் சேறும் இருந்தது. ஸ்டியரிங் அதைப் பெரிசாக்கினாள். பெரிசாக்கப் பெரிசாக்க அது சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்து போயிற்று. கறுப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள்.

போலீஸில் இரண்டு இடத்திலும் விசாரித்தார்கள். ரயில்வே ஸ்டேஷனில் குவியலாகத்தான் ஏலம் விட்டோம், தனித்தனியாகத் தெரியாது என்றார்கள். ஏரியில் கிடைத்ததெல்லாம் இரும்புதான், எலும்பு எதுவும் இல்லை என்றார்கள். முன்பு பேசிய போலீஸ்காரரே அந்தச் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "புதுசு மாதிரி இருக்கேம்மா" என்றார். அவர் பாராட்டினாரா, குத்திக் காட்டினாரா என்று எனக்குத் தெரியவில்லை. அறைய வேண்டும்போல இருந்தது.

சைக்கிளை அவள் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனது நான்தான். நடையில் அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். வேலையிலிருந்து திரும்பிய மகள் வாசலில் நின்றபடியே பார்த்தாள். எங்கே கிடைத்தது என்று கேட்டாள். அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். மகள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏரின்னு வெச்சுக்கலாம்மா" என்றாள்.

"ஏண்டி?"

"ஏரின்னா அப்பா நம்மள விட்டுட்டுப் போகல. வேலைக்குத்தான் போயிருக்கார், சாயங்காலம் வர்றதாத்தான் இருந்திருக்கார். இத்தன நாளா நான் அவர மனசுக்குள்ள திட்டினதுக்கெல்லாம் அழுது தீத்துட்டுப் போறேன். ஏரின்னே இருக்கட்டும்மா."

"ஸ்டேஷன்னா அவர் உசுரோட இருப்பாரேடி."

அம்மாவுக்கு அவர் உயிரோடு இருந்தால் போதும், தன்னை விட்டுப் போயிருந்தாலும் சரி. மகளுக்கு அவர் விட்டுப் போகாமல் இருந்தால் போதும், செத்திருந்தாலும் சரி. யார் பக்கம் பேசுவது. நான் வெளியே வந்து செருப்பைத் தேடினேன், காலில் மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு நடந்திருக்கிறேன். தெருமுனையில்தான் கவனித்தேன்.

ஒட்டு அதற்கப்புறம் யார் வண்டியையும் குளிப்பாட்டவில்லை. கிடைத்தபடியே கொடுத்துவிடுகிறார். யாராவது முகம் சுளித்தால், "நீங்களே கழுவிக்குங்க, கழுவறதுக்கு முன்னாடி ஒருதரம் நல்லாப் பாத்துக்குங்க" என்கிறார். அவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஸ்டியரிங் என்னிடம் சொன்னாள். "நேத்து ஒட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார். நத்தை ஓட்ட நிச்சயமாப் பாத்தேன், இப்பதான் ஞாபகம் வருதுன்னார். இன்னிக்குக் காலைல டாக்டரம்மா போன் பண்ணாங்க. அது டோக்கன் கம்பியேதான், தகடுகூட ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, அப்ப பதட்டத்துல சொல்ல மறந்துட்டேன்னாங்க." முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "ரெண்டு பேரும் ரொம்ப நல்லவங்கண்ணே. கலந்து பேசிக்கிட்டு வந்திருக்கலாம்."

சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே அவளுக்குக் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

இப்போதும் அவள்தான் ஓட்டுகிறாள், நான்தான் விசில் கொடுக்கிறேன். சைக்கிள்களை அவள் பார்ப்பதில்லை. எங்கள் ரூட் ஸ்டேஷன் வாசலில் தொடங்கி ஏரிக்கரை வழியாகப் போய்த் திரும்பி வரும். ஸ்டேஷனில் ரயில் வந்து கூட்டம் வெளியே வரும்போது ஒவ்வொரு ஆணின் முகமாகப் பார்க்கிறாள். வயதான முகங்களை இன்னும் கொஞ்சம் நேரம் பார்க்கிறாள். அவருக்கும் வயதாகியிருக்கும் அல்லவா. ஏரிக்கரை வந்ததும், யாரும் கை காட்டாவிட்டாலும், வண்டி தானாக மெதுவாகிறது. அவள் தண்ணீரைப் பார்க்கிறாள். புதிதாக வருகிற பயணிகள், டிரைவருக்கு என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்கிறார்கள். வண்டி பழசு என்று நான் சொல்லிவைக்கிறேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டே விட்டேன். "வேற ரூட் கேளேம்மா. எத்தன நாளைக்கு இப்படி ரெண்டுக்கும் நடுவுல போய்ட்டு வருவ?"

"டிப்போவுல அவங்களே கூப்ட்டுக் கேட்டாங்கண்ணே. வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள். "ஸ்டேஷன் வந்தா அவரத் திட்டத் தோணுது. ஏரி வந்தா அழத் தோணுது. திட்டி முடிக்கறதுக்குள்ள ஏரி வந்துடுது, அழுது முடிக்கறதுக்குள்ள ஸ்டேஷன் வந்துடுது. வேற ரூட்டுக்குப் போனா நான் அவர எங்கண்ணே வெச்சுக்குவேன்?"